இறகைத் தின்னும் மண்

செங்கம் கடைத்தெருவில் பிராய்லர் கோழியை உயிர் எடைக்கு வாங்குகிறவர் இறகுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். தராசில் 2 கிலோ காட்டும் கோழியில் 100 முதல் 140 கிராம் வரை இறகு. எடை போட்டதும் கடைக்காரர் கேட்பது ஒன்றுதான்: "தோலோடவாண்ணே, உரிச்சா?" உரிக்கச் சொன்னால் தோலும் இறகுமாக ஒரே இழுப்பில் கழன்று வரும். தோலோடு கேட்டால் கோழி வெந்நீரில் முங்கி, ரப்பர் விரல்கள் பதித்த சுழலும் டிரம்முக்குள் விழுந்து, சற்று நேரத்தில் மொட்டையாக வெளியே வரும். எப்படி வாங்கினாலும் இறகு கடையோடு நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கியும் ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத பொருள் அது.

கடையில் நின்றுவிட்ட அந்த இறகு எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, எங்கெல்லாம் போகலாம் என்பதுதான் இந்தக் கதை.

தீவனத்தில் பிறப்பு

ஒரு நாள் குஞ்சாகப் பண்ணைக்கு வரும்போது கோழியின் உடம்பில் மஞ்சள் பஞ்சு மட்டும்தான் இருக்கும். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகை, கரண்ட், தண்ணீர், ஆள் எல்லாம் விவசாயியின் பொறுப்பு. வளர்த்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. 1990-களில் உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரத்தில் வேரூன்றித் தமிழ்நாடு முழுக்கப் பரவிய ஒப்பந்தப் பண்ணை முறை இது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலேயே கோழியினம் அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு. எண்ணிக்கை 12 கோடிக்கு மேல்.

அடுத்த ஆறு வாரத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கறியாக மாறுகின்றன. ஒரு பங்கு இறகாகவும் மாறுகிறது. சோயாவில் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் போதாது என்பதால் அதைத் தனியாக வாங்கித் தீவனத்தில் கலக்கிறார்கள். அதில் கந்தகம் இருக்கிறது. கோழி அந்தக் கந்தகத்தை சிஸ்டீன் என்ற இன்னோர் அமினோ அமிலமாக மாற்றித் தோலில் உள்ள இறகுக் குழிகளுக்கு அனுப்புகிறது. அங்கே செல்கள் கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, இறுகி, செத்துப் போகின்றன. நடுத்தண்டு, அதிலிருந்து பிரியும் இழைகள், இழைகளைக் கோத்துப் பிடிக்கும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் எல்லாமே செத்த செல்களின் வேலைதான்.

பிராய்லர் வெள்ளையாக இருப்பது தற்செயல் கிடையாது. பிடுங்கிய பிறகும் தோலுக்குள் தங்கிவிடும் இறகுக் குருத்து கறுப்பாக இருந்தால் கறியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெள்ளையாக இருந்தால் தெரியாது. வாங்குகிறவர் முகம் சுளிக்கக் கூடாதே என்று கோழி இனங்களை உருவாக்கியவர்கள் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். கறியின் அழகுக்காக எடுத்த இந்த முடிவால் பாக்டீரியாவுக்கும் ஓர் ஆதாயம் கிடைத்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

கந்தக முடிச்சு

உலர்ந்த இறகில் சுமார் 90 சதவீதம் புரதம். கோழிக்கறியில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். இவ்வளவு சத்து இருந்தும் கடை வாசலில் காத்திருக்கும் நாய் குடலை இழுத்துக்கொண்டு ஓடுகிறதே தவிர, இறகை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது. நாய் செய்வதுதான் சரி. இறகை விழுங்கினாலும் அதன் வயிற்றிலும் குடலிலும் இருக்கும் பெப்சின், டிரிப்சின் போன்ற செரிமான நொதிகளால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

காரணம் அந்தக் கந்தகம்தான். இறகுக் கெரட்டின் மிகச் சிறிய புரதம். சுமார் 100 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி. அதில் ஏழெட்டு இடத்தில் சிஸ்டீன் வரும். ஒரு சங்கிலியின் சிஸ்டீனும் பக்கத்துச் சங்கிலியின் சிஸ்டீனும் கந்தகத்தோடு கந்தகம் கைகோத்துக் கொள்கின்றன. தேங்காய் நாரைக் கயிறாகத் திரித்து, கயிற்றோடு கயிற்றைக் குறுக்கே முடிச்சுப் போட்டு இறுக்கியது போன்ற அமைப்பு. புரதத்தை வெட்டும் நொதிகள் சங்கிலியைத் தொடவே முடியாதபடி இந்த முடிச்சுகள் காவல் நிற்கின்றன. நாட்டுக்கோழியைத் தீயில் வாட்டும்போது மூக்கைத் துளைக்கும் பொசுங்கல் நாற்றத்தில் இந்தக் கந்தகமும் உண்டு.

இந்த முடிச்சை உடைக்க ஆலைகளுக்குத் தெரிந்த வழி நீராவி. பெரிய கலனில் இறகை அடைத்து, அழுத்தமும் வெப்பமும் ஏற்றி வேகவைத்து, உலர்த்தி, அரைத்து இறகுத் தூளாக்குவார்கள். மீன் தீவனத்துக்கும் வளர்ப்புப் பிராணித் தீவனத்துக்கும் அது போகிறது. எரிபொருள் செலவு அதிகம். வேகவைப்பதில் நல்ல அமினோ அமிலங்கள் சிலவும் வீணாகின்றன. வெட்டும் இடமும் வேகவைக்கும் இடமும் ஒரே வளாகத்தில் இருக்கும் பெரிய ஆலைக்குத்தான் இது கட்டுப்படி ஆகும். சிறு ஊர்க் கடையில் இறகின் அடுத்த நிலையம் சாக்கு மூட்டை; அதற்கடுத்தது பெரும்பாலும் ஊர் எல்லையில் ஒரு பள்ளமோ ஏரிக்கரையோ சாலையோரமோதான்.

நடுகல் நாட்டில்

இந்தப் பயணத்தில் செங்கத்துக்குத் தனி இடம் உண்டு. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு குப்பநத்தம் அணையைக் கடந்து பாயும் வட்டாரம் இது. சங்க காலத்தில் இது நன்னன் ஆண்ட செங்கண்மா. இங்கே கிடைத்த பல்லவர் கால நடுகற்களைத் தொகுத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே வெளியிட்டது. அவற்றில் பல, ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவலுக்கே கல் நட்டு எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி வழிபட்ட வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன.

கல் 1,400 ஆண்டாக நிற்கிறது. சூட்டிய பீலியில் ஓர் இழைகூட மிச்சமில்லை. காட்டிலும் மேட்டிலும் ஆண்டாண்டாக உதிர்ந்த மயில் இறகு, காக்கை இறகு, கௌதாரி இறகு எல்லாம் சேர்ந்திருந்தால் ஜவ்வாது மலை இந்நேரம் இறகு மலையாகியிருக்கும். ஆகவில்லை. அவ்வளவையும் மண் தின்றுவிட்டது.

தின்பவர்கள் பலர். சில வண்டினங்களும் அந்துப்பூச்சியின் புழுக்களும் கெரட்டினைத் தின்கின்றன. தோலில் படர்தாமரை உண்டாக்கும் பூஞ்சைகளின் உறவுக்காரப் பூஞ்சைகள் மண்ணில் இருந்துகொண்டு முடியையும் இறகையும் பற்றுகின்றன. முதல் மழைக்கு எழும் மண்வாசனையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக் கூட்டத்திலும் இறகைத் தின்னும் இறகுண்ணிகள் உண்டு. எல்லோரிலும் கைதேர்ந்தவை பேசில்லஸ் என்ற கோல் வடிவ பாக்டீரியாக்கள். வயல், வரப்பு, குப்பைமேடு, கோழிக்கொட்டகைத் தரை என்று அவை இல்லாத மண்ணே கிடையாது.

சில சமயம் அவை மண்ணுக்காகக் காத்திருப்பதும் இல்லை. அமெரிக்காவின் ஓஹியோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் பர்ட், ஜேன் இச்சிடா இருவரும் காட்டுப் பறவைகளைப் பிடித்து இறகைத் தடவிச் சோதித்து 1999-ல் எழுதினார்கள். இறகைச் சிதைக்கும் பேசில்லஸ் உயிரோடிருக்கும் பறவையின் மேலேயே இருந்தது. தரையில் மேயும் பறவைகளிடம் கூடுதலாக இருந்தது. மண்ணைக் கிளறிப் புழுதியில் புரளும் கோழி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. 2004-ல் வந்த இன்னோர் ஆய்வு, மெலனின் என்ற கருநிறமி உள்ள இறகைவிட வெள்ளை இறகு பாக்டீரியாவுக்குச் சீக்கிரம் இரையாகிறது என்று காட்டியது. பிராய்லரின் வெள்ளையால் பாக்டீரியாவுக்குக் கிடைத்த ஆதாயம் இதுதான்.

குடுவையில்

மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள் கலந்து கிடக்கின்றன. அதில் இறகுண்ணியை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி? முறை எளிமையானது, கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். இறகு கொட்டி மக்கிய இடத்தில் ஒரு கரண்டி மண் எடுத்துத் தண்ணீரில் கரைக்கிறார்கள். கரைசலை 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து நிமிடம் வைக்கிறார்கள். சாதாரண பாக்டீரியா எல்லாம் வெந்துவிடும். பேசில்லஸ் மட்டும் ஓடு போர்த்திய வித்தாகச் சுருண்டு தப்பிக்கும். தப்பியதைப் பத்துப் பங்கு, நூறு பங்கு என்று நீர்க்கச் செய்து, ஆடை நீக்கிய பால் கலந்த ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டில் பரப்புகிறார்கள். ஒருநாள் கழித்துப் பார்த்தால் வெண்மையான தட்டில் சில புள்ளிகளைச் சுற்றி மட்டும் கண்ணாடியாய்த் தெளிந்த வளையம் இருக்கும். அந்தப் புள்ளியில் வளர்ந்த பாக்டீரியா பால் புரதத்தைச் செரித்துவிட்டது என்று அர்த்தம்.

பாலைச் செரிப்பது பெரிய காரியமில்லை. உண்மையான தேர்வு அடுத்தது. உப்புகள் மட்டும் கலந்த தண்ணீரில் கழுவிய முழு இறகு ஒன்றைப் போட்டு, அந்தப் பாக்டீரியாவை விடுகிறார்கள். இறகைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது, தின்றால் பிழைக்கும். குடுவையை ஆட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில் வைக்கிறார்கள். முதலில் ஓர இழைகள் பிரிந்து தண்ணீரில் மிதக்கும். பிறகு அவை கரைந்து தண்ணீர் கலங்கி மஞ்சளாகும். கடைசிவரை தாக்குப் பிடிப்பது நடுத்தண்டு. அதுவும் நைந்து, தொட்டால் நசுங்கும் நிலைக்கு வந்து, ஒருநாள் இல்லாமல் போகும். புரதம் சிதைந்து அம்மோனியா சேர்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறியிருக்கும். மூடியைத் திறந்தால் நாற்றமே முடிவைச் சொல்லிவிடும்.

இறகு பாக்டீரியாவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பெரியது, விழுங்க முடியாது. எனவே அது நொதியை வெளியே விட்டு, வெளியிலேயே செரிமானம் நடத்தி, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்கிறது. அப்படி வெளியே விடும் நொதிக்குத்தான் கெரட்டினேஸ் என்று பெயர். செல்களை வடித்து நீக்கி, மிஞ்சிய தெளிநீரிலிருந்து அதைப் பிரித்துச் சுத்தம் செய்தால் நொதி தனியாகக் கிடைக்கும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். சுத்தம் செய்த நொதியை மட்டும் முழு இறகின் மேல் விட்டால் பெரும்பாலும் எதிர்பார்த்தபடி வேலை நடப்பதில்லை. டெல்லி பல்கலைக்கழகத்தில் ராணி குப்தாவும் ராம்னானியும் 2006-ல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு இத்துறையில் பலரும் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று. கெரட்டின் சிதைவு இரண்டு படி என்பது இன்று பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து: முதலில் கந்தக முடிச்சு அவிழ வேண்டும், அப்புறம்தான் சங்கிலியை வெட்ட முடியும். முடிச்சை அவிழ்க்க உயிருள்ள செல்கள் சல்ஃபைட் போன்றவற்றைச் சுரக்கின்றன. இறகின் மேல் ஒட்டிக்கொண்டும் வேலை செய்கின்றன. நொதி வெட்டுவதோடு சரி. செல்லைப் பிரித்துவிட்டு நொதியை மட்டும் வைத்துக்கொண்டால் பாதிக் கூட்டாளியைத் துரத்திவிட்ட கதைதான்.

ராலே வழியாக மறுபடியும் தீவனத்துக்கு

இந்தத் துறையின் சரித்திரத்தில் மண்ணும் கோழியும் மாறி மாறி வருகின்றன. 1949-ல் நியோமைசின் மருந்தைத் தந்த மண்வாழ் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஃப்ரேடியேயே இறகு, கம்பளி போன்ற கெரட்டினையும் சிதைக்கிறது என்று 1959-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நோவலும் நிக்கர்சனும் காட்டினார்கள். அடுத்த பெரிய திருப்பம் வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரில். அங்கே ஜேசன் ஷி என்ற பேராசிரியர் கோழி எருவைக் கொண்டு சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். எருவோடு உள்ளே போன இறகு வெளியே வரவில்லை. எங்கே போயிற்று என்று தேடியதில் கிடைத்ததுதான் பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் பிடபிள்யூடி-1. அந்த எழுத்துகளின் விரிவு 'கோழிக்கழிவுக் கலன்' என்பதுதான். 1990-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1995-ல் நொதிக்கான மரபணுவின் எழுத்து வரிசை வெளியாயிற்று.

வரிசையைப் பார்த்ததும் ஒன்று தெரிந்தது. இது ஏற்கெனவே அறிமுகமான சப்டிலிசின் கார்ல்ஸ்பெர்க் என்ற நொதிக்கு ஏறத்தாழ இரட்டைப் பிறவி. 1947-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லின்டர்ஸ்ட்ரோம்-லாங், ஓட்டசன் இருவரும் கோழிமுட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை ஆராய்ந்தபோது கண்ணில் பட்ட நொதி அது. கறை நீக்கும் சலவைத் தூளில் சேர்ப்பதும் இந்தக் குடும்பத்து நொதிகளைத்தான். முட்டையில் தொடங்கிச் சலவைத் தொட்டி வழியாக இறகுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

2003-ல் ஷியும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார்கள். பித்தப் பசு நோய்க்குக் காரணமான பிரயான் புரதம் சாதாரண நொதிகளுக்கு மசியாதது. சூடாக்கிய பிறகு இந்தக் கெரட்டினேஸ் அதையும் சிதைத்தது.

வணிகத்துக்கு வந்தபோது நடந்ததுதான் வேடிக்கை. ஷி குடும்பத்து நிறுவனம் இந்த நொதியைக் கோழித் தீவனத்தில் கலக்கும் பொருளாக விற்றது. தீவனத்தில் உள்ள சோயாப் புரதம் நன்றாகச் செரிக்க அது உதவுகிறது. கோழிக் கழிவில் பிறந்த நொதி கோழியின் தொட்டிக்கே திரும்பிவிட்டது. இறகு இருந்த இடத்திலேயே கிடந்தது. நொதியை உற்பத்தி செய்ய ஆகும் செலவைத் தீவன வியாபாரம் தாங்கும். குப்பை அள்ளும் வேலை தாங்காது.

மலைக்கு அந்தப் பக்கம்

நல்ல விலை கொடுக்கக்கூடிய இன்னொரு தொழில் ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளில் பச்சைத் தோலிலிருந்து மயிரை நீக்குவதற்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடுவது வழக்கம். மயிரும் கெரட்டின்தான், அதன் கந்தக முடிச்சைச் சல்ஃபைடு உடைத்துக் கூழாக்கிவிடுகிறது. அந்தக் கூழ் அத்தனையும் கழிவுநீரில் சேர்கிறது. சல்ஃபைடு கலந்த கழிவோடு அமிலம் சேர்ந்தால் கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். பாலாற்றுப் படுகை கெட்டதும், வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் ஊரறிந்தவை.

சல்ஃபைடு இல்லாமல் நொதியால் மயிர் களைவதைப் பற்றி, 1948-ல் தொடங்கிய அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நீண்ட காலமாக ஆய்வு செய்துவருகிறது. இங்கே வேண்டிய நொதிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மயிரின் வேரைப் பற்றியிருக்கும் புரதங்களை இளக்கலாம். கொல்லாஜன் என்ற புரதத்தைத் தொடக் கூடாது. தோல் என்று விலை போவதே கொல்லாஜன்தான். அதை அரித்தால் சரக்கு போச்சு. கொல்லாஜனை விட்டுவிடும் கெரட்டினேஸுக்கு மவுசு ஏற்பட்டது இதனால்தான். மயிர் கூழாகாமல் முழுசாக உதிரும்; வடிகட்டி எடுத்துவிடலாம்; கழிவுநீரின் சுமை குறையும். இந்த நொதியை வளர்க்க மிக மலிவான தீனி எது? இறகேதான். இறகு இருந்தால்தான் பல பாக்டீரியாக்கள் இந்த நொதியை நிறையச் சுரக்கின்றன. மலைக்கு இந்தப் பக்கத்துக் கழிவைத் தின்று, அந்தப் பக்கத்துக் கழிவைக் குறைக்கும் பொருளைத் தருகிறது பாக்டீரியா.

சாக்கு மூட்டைக்குத் திரும்பினால்

இவ்வளவு தெரிந்தும் இறகு ஏன் இன்னும் சாக்கில் கிடக்கிறது? ஒரு நாளைக்கு 50 கோழி வெட்டும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த கணக்கில் ஐந்தாறு கிலோ இறகு. வெந்நீரில் முக்கியதால் கனம் அதைவிடப் பல மடங்கு. அதோடு ரத்தம், குடல், தலை, கால். அடுத்த நாள் காலைக்குள் அழுகிவிடும். இதை வண்டியேற்றித் தொலைவில் உள்ள ஆலைக்கு அனுப்பினால் லாரி சுமப்பது பெரும்பகுதி தண்ணீரைத்தான். மூட்டைக்குள் காற்றும் கிடையாது. பேசில்லஸ் வேகமாக வேலை செய்யக் காற்று வேண்டும். குடலும் ரத்தமும் முந்திக்கொண்டு அழுக, இறகு மட்டும் சிதையாமல் மிஞ்சுகிறது. அதனால்தான் இறகு மக்காது என்ற பெயரும் வந்தது.

தோலுக்குத் தேவை சுத்தமான நொதி. வயலுக்கு அது தேவையில்லை. உயிருள்ள பாக்டீரியாவே போதும், அதுதான் நல்லதும்கூட. இறகில் 12 சதவீதத்துக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. மெல்ல மெல்ல விடும் உரம். ஆனால் தனி இறகைக் குவித்தால் கரிச்சத்து போதாமல் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். எனவே கரிச்சத்துள்ள எதையாவது சேர்க்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் கடலைத் தோலுக்கும் வைக்கோலுக்கும் பஞ்சமில்லை. அவற்றோடு இறகை அடுக்கி, சாணக் கரைசலோ பழைய இறகுக் குப்பையின் மண்ணோ தெளித்து, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம் வைத்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் குவியலுக்குள் சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறும். நோய்க்கிருமிகள் அந்தச் சூட்டில் அடங்கும்; சூடு தாங்கும் பேசில்லஸ் பெருகும். குடுவையில் கரைத்த இறகு நீரையும் வடித்துத் தெளிக்கலாம். அது அமினோ அமிலங்கள் நிறைந்த கரைசல். மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் தயாரிக்கப் பழகிய உழவருக்கு இந்த முறை அந்நியமாக இராது.

நல்ல இறகுண்ணியைத் தேடி மண்ணை அலசும் ஆய்வுகள் இன்னும் வரும், வரட்டும். வேகமாகத் தின்னும் ஒன்றும், அதிகச் சூடு தாங்கும் ஒன்றும் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் செங்கம் போன்ற ஊருக்குத் தட்டுப்பாடு பாக்டீரியாவில் இல்லை. குடலும் ரத்தமும் கலந்து நாறும் மூட்டையை உழவரும் கேட்க மாட்டார், நொதி செய்பவரும் வாங்க மாட்டார். கழுவிய தனி இறகு என்றால் இருவருமே சரக்காகப் பார்ப்பார்கள். ஆகவே முதல் வேலை கடை மூடும் நேரத்தில் இருக்கிறது: இறகுக்கு ஒரு தொட்டி, மற்றதற்கு ஒரு தொட்டி. அந்தத் தொட்டியைக் கொடுத்து, தினம் எடுத்துப்போக ஒரு வண்டியை ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும்; இத்தனை காலமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.